திரையில் எரியும் உலையும் பலாங்கொடையில் அணைந்த உலையும்

கணினியின் முன்னும் கைத்தொலைபேசியின் முன்னும் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலை கொள்வது இன்று எல்லா ஊர்களிலும் காணப்படும் நிலைமையாகும். அவ்விளையாட்டுகள் யாவும் துப்பாக்கிச் சூடும் வாகனப் பந்தயமுமே என்று நம்மில் பலர் கருதுகின்றனர். ஆனால், நிலத்தை அகழ்ந்து கனியம் எடுப்பதையும், அதனை உலையில் உருக்குவதையும், பட்டறையில் அடித்துக் கருவி செய்வதையும் படிப்படியாகக் கற்பதையே முக்கிய பகுதியாகக் கொண்ட இணைய விளையாட்டுகளும் உள்ளன. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இவற்றில் தம்மைச் சுரங்கத் தொழிலாளராகவும் கொல்லராகவும் பாவித்துப் பல மாதங்கள் உழைக்கின்றனர்.

பலாங்கொடையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழ்வோருக்கு இவ்விடயத்தில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்பது எமது கருத்தாகும். திரையில் அவர்களுடைய பிள்ளைகள் பழகும் தொழில், அவர்கள் காலடியிலுள்ள மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மெய்யாகவே நடைபெற்ற தொழிலாகும். அது எவ்வாறு நடைபெற்றது, ஏன் மறைந்தது என்பவற்றை அறிந்தால், விளையாட்டு எதைக் கற்பிக்கின்றது, எதைக் கற்பிக்காமல் விடுகின்றது என்பதும் தெளிவாகும்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது 'ரூன்ஸ்கேப்' என்பதாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த கோவர் சகோதரர்கள் இதனை உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்டனர். இதன் பழைய வடிவம் 2013இல் தனிப் பதிப்பாக மீண்டும் வெளியிடப்பட்டு, 2018 முதல் கைத்தொலைபேசியிலும் ஆடக்கூடியதாக உள்ளது. இதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒரு கற்பனை உலகில் பிறருடன் சேர்ந்து வாழ்கின்றனர். போர் புரிவது போலவே மீன்பிடித்தல், மரம் வெட்டுதல், சமைத்தல் ஆகியனவும் அங்கு தனித்தனித் திறன்களாகும். சுரங்கம் அகழ்தலும் கொல்வேலையும் அவற்றுள் இரண்டு.

புதிதாக வருபவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாடம் நடத்தப்படுகின்றது. சுரங்க ஆசிரியர் ஒருவர் அவருக்குக் குந்தாலியைக் கொடுத்து, செப்புத் தாதும் வெள்ளீயத் தாதும் எடுத்து வரச் சொல்கின்றார். இரண்டையும் உலையிலிட்டால் வெண்கலக் கட்டி கிடைக்கின்றது. பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஒரு குறுவாள் உருவாகின்றது. அதன் பின்னர் ஒவ்வொரு செயலுக்கும் சிறிதளவு அனுபவப் புள்ளி சேரும். 15ஆவது படியில் இரும்பும், 30ஆவது படியில் உருக்கும் கைவரும். அதற்கு மேற்பட்ட படிகளில் உலகில் இல்லாத கற்பனை உலோகங்களும் வரும்.

பழைய பதிப்பில் 99ஆவது படியை எட்டுவதற்கு 1 கோடியே 30 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் தேவை. 92ஆவது படியில் நிற்பவர் ஏறத்தாழ முடித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அவர் பாதி வழியையே கடந்திருப்பார். முதற் படிகளை ஒரு மாலைப் பொழுதில் தாண்டிவிடலாம். இறுதிப் படிகளோ பொறுமையைச் சோதிப்பவை. தொழில் பழகிய எந்த ஆசாரியையும் தச்சரையும் கேட்டாலும் இக்கணக்கு பொருத்தமானது என்றே கூறுவார். வேலையைச் செய்யத் தெரிவதற்கும் வேலையில் தேர்ச்சி பெறுவதற்கும் இடையிலான தூரம் நீண்டது என்ற பாடத்தை இவ்விளையாட்டு தருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

உலோகவியலின் சில உண்மைகளும் இதில் உள்ளன. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தாலே வெண்கலம் உண்டாகும் என்பது உண்மை. ஆயினும் விளையாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்கப்படுகின்றது. மெய்யான வெண்கலத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயமே சேரும். இரும்புத் தாதை உருக்கும்போது விளையாட்டில் பாதிக்குப் பாதி தோல்வி ஏற்பட்டுத் தாது வீணாகும். தாதின் தரத்திலேயே பாதி வெற்றி தங்கியுள்ளது என்பதை இது நினைவூட்டுகின்றது. இரும்புடன் நிலக்கரி சேர்த்தால் உருக்கு கிடைக்கும் என்பது அடுத்த பாடம். இரும்பில் மிகச் சிறிதளவு கரி கலப்பதாலேயே அது உருக்காகின்றது என்ற அடிப்படை இதிலே அடங்கியுள்ளது.

ஆனால் மிக முக்கியமான ஒன்று அங்கு இல்லை. விளையாட்டு உலகின் உலை எப்பொழுதும் எரிந்துகொண்டே இருக்கும். அதனை எவரும் கட்டுவதில்லை, எவரும் ஊதுவதில்லை. இரும்புக் கட்டி ஒன்றைப் பெறத் தாதைத் தவிர வேறு எரிபொருள் எதுவும் தேவையில்லை. மெய்யுலகில் மனிதகுலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திணறச் செய்த பிரச்சினை இந்த உலையே ஆகும். செம்பு 1,085 பாகை செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருகுவதற்கோ 1,538 பாகை தேவை. தாதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பதற்கும், அதிலுள்ள கசடு உருகி ஓடுவதற்கும் 1,200 பாகையளவு வெப்பம் வேண்டும். விறகை மூட்டிவிட்டால் அவ்வெப்பம் வந்துவிடாது. மரக்கரி வேண்டும், இடைவிடாத காற்று வேண்டும். காற்றைத் தருவதற்கு உலகின் பெரும்பாலான இடங்களில் துருத்தி பயன்பட்டது. பலாங்கொடைப் பகுதியின் பழைய கைவினைஞர் அதனை வேறு வழியில் பெற்றனர்.

இவ்வுண்மை வெளிப்பட்டது ஒரு நீர்த்தேக்கத்தின் காரணமாகவே. வளவ கங்கையை மறித்துச் சமனலவெவ அணை கட்டப்பட்டபோது, நீரில் மூழ்கவிருந்த நிலங்களில் தொல்லியல் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பிரித்தானிய ஆய்வாளர் கில் ஜூலெஃப் தலைமையில் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நடைபெற்ற இவ்வாய்வில், மலைச்சரிவுகளில் இரும்புக் கசடு குவிந்த இடங்கள் பல கண்டறியப்பட்டன. அவற்றுள் 70இற்கும் மேற்பட்டவை மேற்குத் திசையை நோக்கிய சரிவுகளில், காற்று நேராக மோதும் விளிம்புகளில் அமைந்திருந்தன. தண்ணீருக்கும் தாதுக்கும் வீட்டுக்கும் அருகில் அமையாமல், காற்றுக்கு முகங்கொடுத்து உலைகள் அமைந்திருந்தமை ஆய்வாளரைச் சிந்திக்க வைத்தது.

தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, பலாங்கொடைக்குக் கிழக்கே உலர்ந்த பலத்த காற்றாக இறங்குகின்றது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை இக்காற்றின் வேகத்தைப் பெலிஹுல்ஓயாப் பக்கத்தில் வாழ்வோர் நன்கு அறிவர். அதனையே அக்காலக் கைவினைஞர் தம் துருத்தியாகக் கொண்டனர்.

அவர்கள் அமைத்த உலை வட்டமானதன்று. காற்றை நோக்கி நீண்ட களிமண் முன்சுவர் ஒன்றும், அதன் பின்னால் வளைந்த பின்சுவரும் இருந்தன. முன்சுவரின் அடியில் களிமண் குழாய்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. காற்று முன்சுவரில் மோதி அதன் உச்சியைத் தாண்டும்போது, சுவருக்கு உட்புறத்தில் காற்றழுத்தம் குறைகின்றது. அக்குறைவை நிரப்ப, அடியிலுள்ள குழாய்களின் வழியே வெளிக்காற்று சீராக உள்ளிழுக்கப்படுகின்றது. வெளியே காற்றின் வேகம் கூடிக் குறைந்தாலும் உலைக்குள் செல்லும் காற்று பெருமளவு ஒரே சீராக இருந்தது. ஒவ்வொரு முறை இரும்பு எடுக்கும்போதும் முன்சுவர் உடைக்கப்பட்டு, அடுத்த முறைக்காக மீண்டும் கட்டப்பட்டது. அக்காலம் வரை ஆய்வாளர் அறிந்திராத உலை வகை இது.

இத்தொழில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கு செழித்திருந்தது என்று ஆய்வுகள் காட்டின. 1994இல் அதே மலைச்சரிவில் அதே அளவில் உலை கட்டி, பருவக்காற்றை மட்டுமே நம்பி இரும்பு உருக்கிப் பார்த்தனர். அதில் கரிச்செறிவு மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' என்ற உலகப் புகழ் பெற்ற விஞ்ஞான சஞ்சிகையில் இது வெளியாகிப் பலாங்கொடைப் பகுதிக்குப் பெருமை சேர்த்தது.

இவ்வுருக்கின் புகழ் கடல் கடந்தும் சென்றிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீபின் உருக்கைக் குறிப்பிடுகின்றார். சரந்தீப் என்பது அரபு மொழியில் இலங்கையின் பெயராகும். மத்திய கிழக்கின் வாட்பட்டறைகளுக்குத் தென்னாசியாவின் உருக்கு சென்றது என்று ஏட்டில் இருந்த செய்திக்குச் சமனலவெவ மலைகள் மண்ணிலிருந்தே சான்று தந்தன. தமிழகத்திலும் இத்தொழில் சிறந்திருந்தது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பழைய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இரும்பை மண் மூசையில் ஆவாரஞ் சுள்ளிகளுடன் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்துச் சூடேற்றும் முறையை 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்தார். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்த உருக்கு இதுவே. அச்சொல் கன்னடத்தின் 'உக்கு' என்பதிலிருந்து வந்தது என்பர். அது நம் 'உருக்கு' என்ற சொல்லின் உறவாகும்.

இத்தகைய தொழில் எங்கே போயிற்று என்ற வினா இங்கு எழுகின்றது. அதற்கான விடையின் ஒரு பகுதியை ஒரு தமிழரின் மகனே எழுதி வைத்துள்ளார். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான கலாநிதி ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞர் என்றே பலரும் அறிவர். அவர் லண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றவர் என்பதும், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றியவர் என்பதும் பலர் கவனியாத செய்திகளாகும். பாறைகளைத் தேடி நாடெங்கும் நடந்த அவர், பலாங்கொடைப் பகுதியில் இரும்பு உருக்கும் முறையையும் உருக்குச் செய்யும் முறையையும் விரிவாகக் குறித்துக்கொண்டார். 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அக்குறிப்புகள் இடம்பெற்றன.

அவர் கண்டது துருத்தியால் ஊதப்படும் சிறிய உலைகளையே. காற்றுலை அதற்கு முன்னரே வழக்கொழிந்திருந்தது. துருத்தி உலையும் அவருடைய காலத்தில் இறுதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மலிவான இரும்பு சந்தையை நிரப்பியதும் உள்ளூர் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. தோட்டங்களில் நம் மக்களின் கைகளில் கொடுக்கப்பட்ட கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் கூட அந்த இறக்குமதி யுகத்தின் பொருள்களே. உலை இயக்கத் தெரிந்தவர்கள் மறைந்தபோது, அவர்களுடன் அறிவும் மறைந்தது. குமாரசுவாமி போன்றோர் எழுதி வைத்ததனால் துருத்தி உலையின் முறை நமக்குக் கிட்டியது. எவரும் எழுதி வைக்காத காற்றுலையை மீட்பதற்குத் தொல்லியலாளர் மண்ணைத் தோண்டி, உலை கட்டி, நெருப்பு மூட்டி மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், தொழிலறிவு கையிலிருந்து கைக்குச் செல்ல வேண்டியது. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தாலே அறுந்துவிடக் கூடியது. உலையின் நெருப்பு எந்நிறத்தில் இருக்கும்போது தாதை இட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், கசட்டின் ஓட்டம் எவ்வாறு இருந்தால் உள்ளே இரும்பு திரண்டுள்ளது என்று கொள்ளலாம் ஆகியவற்றை ஆசானின் பக்கத்தில் நின்றே கற்க இயலும். திரையில் ஒரு பொத்தானை அழுத்தும் பிள்ளை இந்த ஒழுங்கை அறிகின்றான். வெப்பத்தையும் பாரத்தையும் காற்றின் திசையையும் அறிவதில்லை.

இரும்புத் தொழில் மறைந்தாலும், இரத்தினபுரி மாவட்டத்தில் அகழ்வுத் தொழில் மறையவில்லை. இரத்தினக்கல் அகழ்வு இன்றும் இம்மாவட்டத்தின் உயிர்நாடிகளுள் ஒன்றாகும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, நூறு பணத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள கல்லை மன்னர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வதையும், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவருக்கே உரியதாவதையும் எழுதியுள்ளார். கிடைத்த பொருளைப் பங்கிடும் வழக்கம் அவ்வளவு பழையது. இன்றும் குழியில் கிடைக்கும் கல்லின் பெறுமதி காணிச் சொந்தக்காரர், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர், நீர் இறைக்கும் இயந்திரத்தின் உரிமையாளர், குழியில் இறங்கும் தொழிலாளர் ஆகியோரிடையே பங்கிடப்படுகின்றது.

விளையாட்டில் பாறையைக் கொத்தும்போது சில வேளைகளில் நீலக்கல்லும் மரகதமும் தாமாகவே வந்து விழும். இரத்தினபுரியில் அவ்வாறு நடப்பதில்லை. ஆதிகால ஆற்றுப் படுகைகளில் படிந்த 'இல்லம்' எனப்படும் சரளைப் படையை அடையும் வரை குழி தோண்ட வேண்டும். பக்கச் சுவர் சரியாதவாறு மரங்களாலும் இலைகுழைகளாலும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஊறும் நீரை இடையறாது இறைக்க வேண்டும். பின்னர் சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவி, எஞ்சும் கனத்த கற்களுள் பெறுமதியானதைக் கண்ணால் தெரிந்தெடுக்க வேண்டும். முட்டுக் கொடுப்பதில் ஏற்படும் ஒரு தவறு உயிரைப் பறித்துவிடும். விளையாட்டில் தோற்றவர் மீண்டும் தொடங்கலாம். சரிந்த குழிக்குள் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கைவிடப்பட்ட குழிகளை மூடாது விடுவதால் ஏற்படும் தீங்குகளும் திரையில் தோன்றுவதில்லை.

உலையின் அருமையை உணர்த்தும் இன்னொரு நிகழ்ச்சியும் இத்தொழிலின் வரலாற்றில் உண்டு. 'கெவுட' எனப்படும் பால்நிறக் கற்களை நம் நாட்டில் ஒரு காலத்தில் எவரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்றனர். 1,600 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தக்க முறையில் சூடாக்கியபோது அவை நீல மாணிக்கங்களாக மாறின. நாம் கழித்த கல் அவர்களுக்குச் செல்வமாயிற்று. நாம் வைத்திருந்தது கல். அவர்கள் வைத்திருந்தது நெருப்பை ஆளும் அறிவு. பின்னர் நம்மவரும் அம்முறையைக் கற்றுக்கொண்டனர் எனினும், இடைப்பட்ட காலத்தில் இழந்தது திரும்பி வரவில்லை. பேருவளையிலும் இரத்தினபுரியிலும் தலைமுறை தலைமுறையாக இவ்வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள முஸ்லிம் குடும்பங்களில் இதனை நன்கு உணர்ந்த பெரியவர்கள் பலர் உள்ளனர்.

இனி, நம் சமூகத்தைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைக் கூறியாக வேண்டும். விளையாட்டில் கொல்வேலையின் 99ஆவது படியை எட்டியவருக்குத் தனி மேலங்கி உண்டு. அதனை அணிந்து அவர் நடக்கும்போது ஏனையோர் வியந்து பார்க்கின்றனர். மெய்யான வாழ்வில் நாற்பது ஆண்டுகள் பட்டறையில் நின்ற ஆசாரிக்கு நாம் என்ன மரியாதை செய்கின்றோம்? குழியில் முட்டுக் கொடுப்பதில் கைதேர்ந்தவரைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைக்கு யார் சொல்கின்றோம்? கைத்தொழிலைச் சாதியுடன் கட்டிப்போட்டு, அதிலிருந்து தப்புவதையே முன்னேற்றம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. எழுதுவினைஞர் பதவி கிடைக்காவிட்டால் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவோ வெளிநாட்டில் கூலியாளாகவோ போகலாம். ஊரில் இரும்படிப்பது கேவலம் என்று நினைக்கின்றோம். நம் பிள்ளைகள் தொழிலின் பெருமையைக் கற்பனை உலகில் தேடுவதற்கு மெய்யுலகில் நாம் அதனைக் கொடுக்காததும் ஒரு காரணமாகும்.

விளையாட்டில் மூழ்குவதிலுள்ள தீங்குகளை நாம் மறைக்கவில்லை. உறக்கமும் பாடமும் கெடும், பணம் செலவாகும். பொருளாதாரம் வீழ்ந்த வெனிசுவேலாவில் இளைஞர் பலர் 2017ஐ அண்டிய ஆண்டுகளில் ரூன்ஸ்கேப்பில் பொற்காசு திரட்டி, அதனை வெளியே விற்றுச் சீவனம் நடத்தினர். விளையாட்டின் விதிகள் அதனைத் தடை செய்கின்றன. விளையாட்டும் எந்நேரமும் கூலி வேலையாகிவிடக் கூடும் என்பதற்கு இது சான்றாகும். ஆகவே நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஆயினும் தடை மட்டும் போதாது. பிள்ளையின் ஆர்வத்தை வாசலாகக் கொண்டு அவனை மெய்யான தொழிலுக்கு அழைத்துச் செல்லலாம். நம் நாட்டின் தேசிய தொழில் தகைமை முறையும் படிகளைக் கொண்டதே. அதில் ஏழு மட்டங்கள் உள்ளன. பாடசாலைச் சான்றிதழ் இல்லாதபோதும், வேலை செய்தே திறன் பெற்ற ஒருவரைப் பரீட்சித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவரும், பட்டறையில் கத்தி அடிப்பவரும், ஒட்டுவேலை செய்பவரும் அதனால் பயனடையலாம். இரத்தினக்கல் வெட்டுதலுக்கும் ஆபரணத் தொழிலுக்கும் அரச பயிற்சி நிறுவனம் உண்டு. இப்பயிற்சிகள் தமிழ் மொழியில், தோட்டப் பிள்ளைகள் சென்றுவரக் கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த வேண்டிய கோரிக்கையாகும். மலையக மக்கள் பிரதிநிதிகளும் முஸ்லிம் பிரதிநிதிகளும் இதில் ஒன்றுபட்டுக் குரல் கொடுப்பதற்குத் தடையேதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு பணி உண்டு. சமனலவெவ உலைகளைப் பற்றி விஞ்ஞானப் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் கூறலாம். காற்றழுத்தத்தை விளக்க அதைவிடச் சிறந்த உள்ளூர் உதாரணம் கிடைப்பது அரிது. பிள்ளைகளை ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்று, பழுத்த இரும்பு அடி வாங்கும் ஓசையைக் கேட்கச் செய்யலாம். வயது முதிர்ந்த தொழிலாளர் அறிந்தவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதச் செய்யலாம். குமாரசுவாமி ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் தனியொருவராகச் செய்ததை, இன்று ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரளவில் செய்ய முடியும்.

பலாங்கொடையின் மலைச்சரிவில் உலை கட்டியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற கசட்டுக் குவியல்களிற் சிலவற்றை நீர்த்தேக்கமும் மூடிவிட்டது. ஆனால் அந்தக் காற்று இன்றும் ஆண்டுதோறும் அதே திசையிலிருந்து வீசுகின்றது. கற்கும் ஆர்வமும் நம் பிள்ளைகளிடம் குறைவின்றி உள்ளது என்பதை அவர்கள் கையிலுள்ள திரையே காட்டுகின்றது. அவர்களுக்கு மெய்யான உலையையும், அதன் அருகில் நிற்கும் ஆசானையும், ஆசானுக்குரிய மதிப்பையும் ஏற்படுத்திக் கொடுப்பது பெரியவர்களாகிய நமது கடமையாகும்.